ஐஸில் கால் பட்டால்

டெக்சஸ் அணி என்னை இருபத்தைந்து ஆட்டங்களுக்கு மட்டும் எடுத்திருந்தது. ஐஸ் ஹாக்கியில் இது வழக்கமான ஏற்பாடுதான். மேல் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் அணியில் யாருக்காவது அடிபட்டால், அதற்கும் கீழேயோ கல்லூரியிலோ ஆடிக்கொண்டிருக்கிற ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவன் இருபத்தைந்து ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் கைகுலுக்கி, விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து, வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

நான் தற்காப்பு ஆட்டக்காரன். கோல் போடுவது என் வேலை இல்லை. எதிரணிக்காரன் எங்கள் கோலுக்கு முன்னால் நிம்மதியாக நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடியவனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவன் நன்றாகக் குணமாக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அவசரப்படாமல் குணமானால் போதும் என்பதையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கல்லூரி அணியிலிருந்து நேராக வந்திருந்தேன். டெக்சஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஃப்ரீவே ஓரமாக ஒரு ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்க மனம் வரவில்லை. தேவைப்படுவதை மட்டும் மேலிருந்து உருவிக்கொண்டிருந்தேன்.

ஹாக்கிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்பார்கள். டேகேர்தான் சம்பந்தம். எனக்கு ஆறு வயதாகும்போது அமெரிக்காவில் எடிசன் என்ற ஊருக்கு வந்தோம். அப்பா ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கம் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. அதே ஓட்டலில் மாவரைப்பது, காய் நறுக்குவது, தட்டுக் கழுவுவது எல்லாம் அம்மா. இருவருக்கும் வேலை முடிய நேரமாகும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. வாரம் மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ஐஸில் சறுக்கவும் ஹாக்கி ஆடவும் கற்றுக்கொடுப்பார்கள். சாமானெல்லாம் அவர்களே தருவார்கள். ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். நான் உள்ளதை உள்ளபடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது இரண்டே கேள்வி. ஆறு மணிவரைக்கும் பெரியவர்கள் யாராவது கூட இருப்பார்களா? மேலே கூரை உண்டா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மறுநாளே சேர்ந்துவிட்டேன். பிறகு ஹாக்கியை வைத்துக் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தபோது, "அந்த டேகேர்லயா குடுத்தாங்க?" என்று அப்பா கேட்டார்.

டெக்சஸில் முதல் ஆட்டத்தன்றே ஓர் அசட்டுத்தனம் செய்தேன். ஐஸ் ஹாக்கியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புது ஆள் முதல் ஆட்டத்துக்கு முன் பயிற்சிக்காக ஐஸில் இறங்கும்போது, பின்னால் வருகிற எல்லோரும் சத்தம் போடாமல் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவன் தனியாகச் சுற்ற வேண்டும். அது அவனுக்கு அவர்கள் தரும் மரியாதை. எனக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்குப் பதற்றத்தில் மறந்துபோயிற்று. ஒரு சுற்று முடித்துத் திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை பெரிய ஐஸில் நான் மட்டும் இருக்கிறேன். நேரம் வருவதற்குள் இறங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, நேராக வாசலுக்கே திரும்பி வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத்தனை வருஷத்துல சுத்தப் போனவன் திரும்பி வந்து ஸாரி சொல்லி நான் பார்த்ததில்லை. போ, இன்னொரு சுத்து சுத்திட்டு வா" என்றான் என் ஜோடி.

தற்காப்பில் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் ஆடுவோம். நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம். மினசோட்டாக்காரன், சிவப்புத் தாடி, முப்பதைத் தாண்டியவன், ஓயாமல் பேசுகிறவன். (அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவில் இருக்கிற தமிழில் எழுதுகிறேன்.) எனக்குப் 'புரொபசர்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். நான் ஒரு நோட்டு வைத்திருப்பேன். எதிரணியில் யார் எந்தப் பக்கம் திரும்புவான், யாருக்கு இடது கை வராது என்றெல்லாம் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எழுதிவைப்பேன். எழுதுவது தமிழில். எடிசனில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டது இதற்குத்தான் உதவியது, ஏனென்றால் வேறு யாராலும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது. கோலுக்குக் காவல் நிற்கும் எங்கள் கோலி அந்த நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஆராய்ந்திருக்கிறான்.

ரவுண்ட் ராக்கில் எனக்கு இரண்டு பேர் பழக்கமானார்கள். இந்தியக் கடையில் தயிர் வாங்கப் போனபோது, கறிவேப்பிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஓர் அங்கிளும் ஆன்ட்டியும் நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுத் திரும்பினார்கள். சென்னைக்காரர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர் அங்கிள்.

"எந்த கம்பெனி தம்பி?" என்றார்.

"ஹாக்கி ஆடுறேன் அங்கிள்."

"அது சரி. வேலை?"

"அதான் அங்கிள் வேலை."

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி கறிவேப்பிலையைக் கூடையில் போட்டுவிட்டு, "ஹெல்த் இன்ஷூரன்ஸ் குடுக்கறாங்களாப்பா?" என்றார்.

"இருபத்தஞ்சு ஆட்டம் வரைக்கும் உண்டு ஆன்ட்டி."

"அப்போ கான்ட்ராக்ட் பொசிஷன்" என்றார் அங்கிள், முகம் தெளிந்து. "எக்ஸ்டென்ஷன் வருமா?"

"அதுதான் தெரியல அங்கிள்."

"மேனேஜர் எப்படி?"

என் நிலைமையை அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆட்டங்களுக்கெல்லாம் இருவரும் வந்தார்கள். டெக்சஸ் வெயிலில் கார் கதவைத் திறந்து இறங்கி, தடித்த குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரிங்க் என்கிற ஐஸ் அரங்குக்குள் போகிறவர்கள் அநேகமாக அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் பதினைந்து ஆட்டங்கள் மோசமில்லை. ஒரு நாள் நன்றாக ஆடுவேன். மறுநாள் ஒருவன் என்னைத் தாண்டிப் போய்க் கோல் போடுவான். அந்த லீக்கில் எல்லாமே ஒரு கால் விநாடி முன்னால் நடக்கிறது. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு என்னிடம் வருவதற்குள் அதை எங்கே அனுப்பப்போகிறேன் என்று முடிவு செய்திருக்க வேண்டும். கல்லூரியில் வந்த பிறகு யோசிக்க நேரம் இருந்தது. இங்கே யோசித்தால் முதுகில் ஒருவன் இருப்பான். ஆனாலும் நாளுக்கு நாள் பழகிக்கொண்டு வந்தேன். தற்காப்புப் பயிற்சியாளர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் என்னைத் தாண்டிப் போகும்போது தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலைப் பற்றி நோட்டில் அரைப் பக்கம் எழுதினேன்.

பதினாறாவது ஆட்டத்தில்தான் வினை வந்தது. இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. எதிரணித் தலைவன், ஆறரை அடி ஆள், எங்கள் கோலுக்கு முன்னால் என்னோடு முட்டி மோதிக் கீழே விழுந்தான். நான் நிலைதடுமாறியதில் என் ஸ்கேட் காலணியின் முன்பகுதி அவன் தோளில் பட்டது. நடுவர் விசில் ஊதிவிட்டார். நான் குனிந்தேன். வலது கையுறையால் அவன் தோளைத் தொட்டு, என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

நான் அதைச் செய்தேன் என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நான் வளர்ந்ததில்லை. புத்தகத்தில் பட்டால், அரிசியில் பட்டால், தூங்குகிற அம்மா மேல் பட்டால், எதற்கும் அதுதான். தும்மினால் கை மூக்குக்குப் போவதுபோல் அது போகும். சிறு வயதிலிருந்து ஐஸிலும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை, காரணம் உண்டு. கல்லூரி ஹாக்கியில் முகம் முழுவதும் கம்பிவலை போட்டிருக்க வேண்டும். கை கண்ணுக்குப் போனாலும் வலையைச் சரிசெய்கிறான் என்றே தோன்றும். தொழில்முறை ஆட்டத்தில் பாதி முகத்துக்குக் கண்ணாடி மட்டும்தான். அதற்குக் கீழே கையை விட்டு நான் கண்ணை ஒற்றிக்கொண்டது அரங்கம் முழுவதற்கும் தெரிந்தது.

கீழே கிடந்தவனுக்கு அது எப்படித் தெரிந்ததென்றால், 'போய் அழு' என்று நான் கண்ணைத் துடைத்துக் காட்டியதாகத் தெரிந்தது. அவன் எழுந்து என் சட்டையைப் பிடித்தான். என் ஜோடி அவன் சட்டையைப் பிடித்தான். நடுவர் எனக்கு எதிராளியைக் கேலி செய்ததற்காக இரண்டு நிமிடத் தண்டனை கொடுத்தார். தண்டனைக் கூண்டில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் அணி ஓர் ஆள் குறைவாக ஆடி, அந்தத் தலைவனே மூன்றாவது கோலைப் போட்டான். தோற்றோம்.

மொத்தக் கூட்டத்தில் விஷயம் புரிந்தது இரண்டு பேருக்குத்தான். ஆன்ட்டி பக்கத்து இருக்கைக்காரர்களிடம் "ஹி இஸ் சேயிங் ஸாரி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாராம். வெளியே வந்தபோது அங்கிள் காத்துக்கொண்டிருந்தார். "இத இப்படியே விடக்கூடாது. ஹெச்.ஆர்.க்கு எஸ்கலேட் பண்ணலாம். நான் ஒரு மெயில் டிராஃப்ட் பண்ணித் தரேன், கல்ச்சுரல் சென்சிடிவிட்டின்னு போட்டாப் போதும்" என்றார். எங்கள் அணியில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தெரியவில்லை அங்கிள் என்றேன். அவரால் அதை நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை வீடியோ கூட்டம். அணி முழுவதும் உட்கார்ந்திருக்க, தற்காப்புப் பயிற்சியாளர் திரையில் என் கையை நிறுத்திவைத்து, "இது என்ன?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வதும் இன்னொரு பழக்கம். பின்வரிசையில் சிரித்தார்கள். கால் பட்டால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம், ஏன் செய்வோம் என்று முடிந்தவரை விளக்கினேன். கோலி கையைத் தூக்கினான்.

"நீ என் மேல மூணு தடவை விழுந்திருக்க. எனக்கு ஒரு தடவைகூட இதைச் செய்யலையே?"

"விழுந்தா பரவாயில்ல. கால் படக் கூடாது" என்றேன்.

அறையே வெடித்துச் சிரித்தது. பயிற்சியாளர்கூடச் சிரித்தார் என்று நினைக்கிறேன், தாடை அசைந்தது. ஆனால் அவர் திரையை அணைக்கவில்லை. முந்தைய ஆட்டங்களிலிருந்து இன்னும் ஆறு துண்டுகளை வெட்டி வைத்திருந்தார். ஒன்றில் விசில்கூட ஊதவில்லை. பக் ஆறடி தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது, என் வலது கை கண்ணில் இருக்கிறது.

"நீ நல்ல பையன்னு எனக்குப் புரியுது. யார் என்ன நினைச்சாங்கங்கிறது எனக்கு முக்கியமில்லை. உன் ஸ்டிக்குல ஒரு கைதான் இருக்கு. அந்த நேரத்துல எங்க அணியில ஒரு ஆள் கம்மி. இதை நிறுத்து" என்றார்.

அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு என்னை ஆடவிடாமல் பலகையில் உட்காரவைத்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்த ஆட்டங்களும் இருபத்தைந்தில் சேரும் என்றார் மேலாளர். கணக்கில் ஆறு மிச்சம்.

நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவது? என் ஜோடி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். உடைமாற்றும் அறையில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், நான் போகிற வழியிலெல்லாம் எல்லோரும் காலை நீட்டிவைக்க வேண்டும். என் கால் அவர்கள் மேல் பட்டு, என் கை கண்ணுக்குப் போனால் அந்த இடத்திலேயே பத்துத் தண்டால். முதல் நாள் நூற்றுப் பத்துத் தண்டால் எடுத்தேன். இரண்டாம் நாள் நூற்று இருபது. தோள்கள் நன்றாகத் தேறின, கை மட்டும் திருந்தவில்லை. போதாததற்கு, என்னைப் பார்த்துப் பார்த்து அது அவர்களுக்குத் தொற்றிக்கொண்டது. விமான நிலையத்தில் எங்கள் கோலியின் கால் முன்னால் நின்ற ஓர் அம்மாளின் பெட்டியில் இடித்தது. அவன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்திருந்தோம். அவனையும் தண்டால் எடுக்கவைத்தோம்.

சிரிப்பெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் ஹோட்டலுக்குத் திரும்பினால் பெட்டி மூலையில் நின்றது. ஒரு கை செய்கிற வேலைக்காகவா திரும்பிப் போகப்போகிறோம் என்று அதைப் பார்த்து நினைத்துக்கொள்வேன். கையைக் கட்டிப்போட்டால் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருந்தது. கட்டாமல் விட்டால் வேலை போய்விடும்.

ஓட்டலில் மதியக் கூட்டம் ஓய்ந்து, மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்போதுதான் வீட்டுக்குப் பேசுவேன். போனை அடுக்களையில் மாவு டிரம்மின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலு பட்டா தொட்டுக் கும்பிடாம எப்பிடி எய்யா இருக்கது?" என்றாள் அம்மா.

அப்பா குறுக்கே வந்தார். "ஏ, சும்மா இரு. எலே, கல்லுல தோசை கெடக்கையில எவன் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன். முதலாளியே கூப்பிட்டாலும் சரிதான். கருகிரும்லா?"

"அப்போ காலு பட்டது பட்டதுதானா?" என்றாள் அம்மா.

"எடுத்து முடிச்சிட்டுத் திரும்புவேன்னு சொல்லுதேன்."

அம்மா தண்ணீர்க் குழாயை மூடினாள். "ஒருத்தன் ஒருத்தனா எதுக்கு எய்யா கேட்டுக்கிட்டிருக்க? நாங்க என்ன தட்டை ஒண்ணொண்ணாவா கழுவுதோம்? சேத்து வச்சு மொத்தமாத்தான கழுவுதோம். நீயும் சேத்து வச்சுக்கோ. ஆட்டம் முடிஞ்ச பொறவு மொத்தமா ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுக்கோ" என்றாள்.

இதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு அது எனக்குச் சரியென்று பட்டது. செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை, பிறகு செய் என்றுதான் சொன்னாள். அடுத்த பயிற்சியில் ஒருவன் விழுந்தான், கால் பட்டது. 'ஒண்ணு' என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். கை ஸ்டிக்கிலேயே இருந்தது. என் ஜோடி வாயைப் பிளந்தான். "புரொபசர், உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றான்.

இருபதாவது ஆட்டத்தில் மறுபடி இறக்கினார்கள். அதிலிருந்து என் நோட்டில் ஒரு புதுப் பக்கம் சேர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் யார்மேல் கால் பட்டது என்று சட்டை எண்களை எழுதுவேன். பதினான்கு, இருபத்திரண்டு, மறுபடியும் பதினான்கு. பிறகு எல்லோரும் உள்ளே போனபின் குனிந்து ஐஸை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவேன். ஒரு தடவை ஐஸை வண்டி ஓட்டிச் சமப்படுத்துகிறவர் இதைப் பார்த்துவிட்டு, ஐஸ் சரியாக இல்லையா என்று கவலையோடு கேட்டார். அருமையாக இருக்கிறது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

இருபத்தைந்தாவது ஆட்டத்துக்கு வந்தது அதே எதிரணி, அதே ஆறரை அடித் தலைவன். சனிக்கிழமை. அங்கிளும் ஆன்ட்டியும் தங்கள் தெருவிலிருந்து இன்னும் நான்கு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் ஜாக்கெட்டில்.

ஆட்டம் எனக்குச் சாதகமாகத் தொடங்கவில்லை. மூன்று பகுதிகளில் முதலாவதிலேயே நான் ஜோடிக்கு என்று நினைத்து அனுப்பிய பக் நேராக எதிரணிக்காரனிடம் போனது. அவன் நன்றியோடு கோல் போட்டான். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தபோது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பயிற்சியாளர் பின்னால் வந்து என் தோளைத் தட்டினார். போய்விடு என்று சொல்லவில்லை. அடுத்த முறை நீதான் இறங்குகிறாய் என்று அர்த்தம். இறங்கினேன். அதற்குப் பிறகு இரண்டாம் பகுதியில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம், மூன்றாவதில் ஒன்று. அவர்களும் ஒன்று போட்டார்கள். மூன்றுக்கு இரண்டு.

கடைசி ஒன்றரை நிமிடம். அவர்கள் தங்கள் கோலியையே வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஓர் ஆளை இறக்கினார்கள். தோற்கும் அணி கடைசியில் செய்கிற சூதாட்டம் அது. ஆறு பேர் எங்களைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பயிற்சியாளர் யாரை ஐஸில் விடுகிறாரோ அவர்களைத்தான் நம்புகிறார் என்று பொருள். என்னையும் என் ஜோடியையும் விட்டிருந்தார். ஆனால் இதெல்லாம் பிறகு ஹோட்டல் அறையில் யோசித்தது. அப்போது கோலுக்கு முன்னால் அந்தத் தலைவன் மலைபோல் நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

இடப்பக்கமிருந்து ஒருவன் அடித்தான். எங்கள் கோலி காலால் தடுத்தான். பக் துள்ளி வெளியே வந்தது. தலைவன் அதற்குப் பாய, நான் இடித்தேன், அவன் என் காலடியில் விழுந்தான். என் ஸ்கேட் அவன் முதுகில் நன்றாகவே பட்டது. 'ஒண்ணு' என்றேன், வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டிக்கைப் பிடித்து பக்கைச் சுவர்க் கண்ணாடி மேல் ஓங்கி அடித்தேன். அது மோதி எங்கள் பகுதியைவிட்டு வெளியே போனது. ஜோடி அதைத் துரத்திப் பிடித்து, ஆளில்லாத எதிர்க் கோலுக்குள் அரை மைதானத்திலிருந்து உருட்டிவிட்டான். மூன்று வருஷத்தில் அவன் போட்ட முதல் கோல். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டோம். யார் கால் யார்மேல் பட்டது என்று அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

ஆட்டம் முடிந்தபின் இரண்டு அணிகளின் அறைகளுக்கும் நடுவில் இருக்கும் நடையில் போய் நின்றேன். தலைவன் ஈரத் தலையோடு வந்தான். அன்றைக்கு நான் அவனைக் கேலி செய்யவில்லை, மன்னிப்புத்தான் கேட்டேன், இன்றைக்கும் கால் பட்டது, அதற்கும் சேர்த்துக் கேட்கிறேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ என்னை அழுமூஞ்சின்னு சொல்லலையா?"

"இல்லை."

"எங்க அம்மா அதை டிவியில பார்த்தாங்க. இன்னும் உன் மேல கோவமா இருக்காங்க" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அம்மாவிடம் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை மேலாளர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை, அதனால் பயந்துவிட்டேன். மேஜைமேல் பன்னிரண்டு பக்கம் வைத்து நகர்த்தினார். சீசன் முடியும்வரை. முழங்கால் அறுவை செய்தவன் திரும்பி வந்தாலும் எனக்கு இடம் உண்டு என்றார். எனக்காக ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட் ஏற்கெனவே படித்துச் சரி என்று சொல்லிவிட்டாராம், நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். பத்தரைக்குப் பயிற்சி, அதற்குள் முடித்துக்கொள் என்றார்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு காலியாக இருந்த பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். எடிசனில் மதியத்துக்கு முந்தைய பரபரப்பு. விஷயத்தைச் சொன்னதும் அம்மா அழுதாள், பிறகு வெங்காயம் என்றாள். அப்பா, "அதுல என்ன எழுதியிருக்கு, படி" என்றார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். உடம்பைத் தகுதியாக வைத்திருக்க வேண்டும் என்றதற்கு, "இத நான் சொன்னா கேக்க மாட்ட" என்றாள் அம்மா. அணி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வேறு ஊருக்கு அனுப்பலாம் என்றதற்கு, எல்லா இடத்திலும் உள்ளதுதான் என்றார் அப்பா. அனுமதி இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, குத்துச்சண்டை போடக் கூடாது என்று ஒரு பத்தி வந்தது.

"ஆட்டத்துலதான் தெனம் அடிச்சிக்கிடுதீங்களே?" என்றார் அப்பா.

"அது வேலைப்பா."

"சரி, மேல படி."

இடையில் யாரோ இரண்டு மசாலா, ஒரு ரவா என்று கத்தினார்கள். அப்பா இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியவில்லை, நான் நிறுத்தாமல் படித்தேன். கடைசிப் பக்கம் முடிந்தபோது கல்லில் தோசைக் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்ப்பா. பன்னெண்டு பக்கம்."

"அம்புட்டும் நீயே படிச்சிட்டியா?"

"ஆமாப்பா."

"வெளங்காத எடம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"அப்போ போடு" என்றார்.

முழங்காலில் காகிதத்தை வைத்து அப்படியே போட்டேன். எழுந்து மேலாளர் அறைக்கு ஓடி, அதைக் கொடுத்துவிட்டு, உடை மாற்றி, ஸ்கேட் கட்டி ஐஸில் இறங்கும்போது மணி பத்து முப்பத்திரண்டு. தாமதமாக வந்ததற்கு எல்லோருக்கும் உள்ள தண்டனையைத்தான் பயிற்சியாளர் எனக்கும் கொடுத்தார். ரிங்கைச் சுற்றி இருபது சுற்று. சுற்றினேன்.